தலை இரண்டு, தண்ணீர் ஒன்று

ஹைதராபாத் அமீர்பேட்டில் பழைய தனி வீடுகளை இடித்து எழுப்பும் அடுக்ககங்களுக்கு ஏறக்குறைய ஒரே உருவம்தான். கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், அதன்மேல் ஐந்து மாடி, உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அப்படியொரு கட்டடத்தின் முதல் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ஷவரை மாட்டினாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே குளியல் கிடைக்காது. மாடிக்கு மூன்று மீட்டர் உயரம், மொட்டை மாடியில் ஒன்றரை மீட்டர் மேடைமேல் தொட்டி, குளியலறைத் தரையிலிருந்து 2.1 மீட்டரில் ஷவர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் மாடி ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் இடையே இருப்பது 2.4 மீட்டர். முதல் மாடிக்கு அதுவே 14.4 மீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். அப்படியானால் மேலே கால் பார்கூட இல்லை. கீழே ஏறக்குறைய ஒன்றரை பார். ஷவரிலிருந்து கொட்டும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடும். மேல்வீட்டுக்காரர் பெறுவதைப் போல இரண்டரை மடங்கு தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் தலையில் விழும். இரண்டாவது ஷவர் என்ற பேச்சை எடுப்பதற்கு முன்பே உள்ள நிலைமை இது.

இன்று புது வீடு கட்டுபவர்களும் பழைய குளியலறையைப் புதுப்பிப்பவர்களும் அந்தப் பேச்சை எடுக்கிறார்கள். கூரையில் அகன்ற ரெயின் ஷவர், பக்கத்தில் ஹேண்ட் ஷவர், வசதி இருந்தால் சுவரில் நான்கு பாடி ஜெட். ஆசையில் குற்றம் இல்லை. அருவியில் நனைந்த எவருக்கும் அது புரியும். ஆனால் அந்த அருவியே ஒரு பாடம் சொல்கிறது. குற்றாலத்து ஐந்தருவி ஐந்தாகப் பிரிந்து விழுவதால் தண்ணீர் ஐந்து மடங்கு ஆகிவிடவில்லை. மலையில் மழை இருக்கும்வரை ஐந்தும் முழங்கும், மழை ஓய்ந்தால் ஐந்தும் சேர்ந்தே மெலியும். ஷவர் தலைகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். ஒரு குளியலறையில் இரண்டு ஷவர் இருப்பது நல்ல ஏற்பாடு, பல வீடுகளுக்குத் தேவையும்கூட என்பது என் கருத்து. இரண்டையும் மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்து நிற்கும்படி குழாய் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளுக்கு ஒவ்வாதது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் செலவழித்தும் மனம் நிறையாத குளியலறைகள் உருவாகின்றன.

முதலில் குழாய். உள்ளே ஓடும் தண்ணீரிடம் குழாய் ஒவ்வொரு அடிக்கும் கூலி வாங்கும். வீடுகளில் சுவருக்குள் பதிக்கும் அரை இஞ்ச் சிபிவிசி குழாயின் உள்விட்டம் சுமார் 12.4 மில்லிமீட்டர்தான். அதில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்தின் அழுத்தம் உராய்விலேயே தேய்ந்துபோகும். ஆறு மீட்டர் குழாயில் 2.4 மீட்டர் போய்விடும். ஐந்தாம் மாடிக்காரரிடம் இருந்த மொத்தச் சொத்தும் அந்த 2.4 மீட்டர்தான். இதில் எல்போ வளைவுகளைச் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரை மீட்டர் குழாய்க்குச் சமம். இன்னொரு ஷவரையும் திறந்து ஓட்டத்தை இரட்டிப்பாக்க முயன்றால் உராய்வு இரண்டு மடங்காக நிற்காது, மூன்றரை மடங்கைத் தாண்டும். இதே இடத்தில் முக்கால் இஞ்ச் குழாய் போட்டால் கதை மாறுகிறது. உள்விட்டம் 18 மில்லிமீட்டர். பார்வைக்குச் சிறிய வித்தியாசம். ஆனால் அதே 15 லிட்டருக்கு உராய்வு இழப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது, ஆறு மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் மட்டுமே. குளியலறைச் செலவில் மிக மலிவாகக் கிடைக்கும் ஆதாயம் இது. டைல்ஸ் ஒட்டிய பிறகு எந்தப் பணம் கொடுத்தாலும் சுலபமாக வாங்க முடியாத ஆதாயமும் இதுதான்.

கடையில் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். மூன்று பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் ஷவர், கால் பாருக்கும் குறைந்த மேல்மாடியில் மூன்றரை லிட்டர்கூடத் தராது. அகன்ற ரெயின் ஷவரில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள் இருக்கும். அந்த மூன்றரை லிட்டரை அத்தனை துளைக்கும் பங்கு போட்டால் நடுத்துளைகளில் சொட்டும், ஓரத்துளைகள் காய்ந்து கிடக்கும். விற்பவர் பொய் சொல்லவில்லை. பெட்டியில் உள்ள எண் வேறொரு கட்டடத்துக்குரியது, அவ்வளவுதான்.

பிரஷர் பம்ப் போட்டால் தீர்ந்தது என்பார்கள். பாதி உண்மை. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு பம்ப் வைத்தால் ஐந்தாம் மாடிக்கும் ஒன்றரை, இரண்டு பார் கிடைக்கும். பல வீடுகளில் அது நியாயமான தீர்வும்கூட. ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் வரிசைக்கு மட்டும் பம்ப் வைத்து, கீசருக்குப் போகும் வரிசையை அப்படியே விட்டால் மிக்ஸருக்குள் பலம் கூடிய பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து அதைத் தள்ளிவிடும். வெந்நீர் வராது, வந்தாலும் ஒரே சூட்டில் நிற்காது. யாராவது ஃப்ளஷ்ஷை அழுத்தினால் குளிப்பவர் தோலில் அது தெரியும். குழந்தைக்கும் முதியவருக்கும் அது ஆபத்து. ஆகவே வெந்நீர், தண்ணீர் இரண்டும் பிரிவதற்கு முன்பே பம்ப் இருக்க வேண்டும், மிக்ஸருக்கு முன்னால் இரு வரிசையிலும் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்க வேண்டும், அந்த அழுத்தத்தைக் கீசர் தாங்குமா என்று அதன் தகட்டில் பார்க்க வேண்டும், அதன் சேஃப்டி வால்வை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. குடிநீர் வாரியத்தின் குழாயிலேயே மோட்டாரை மாட்டி இழுப்பது சட்டப்படி தவறு. தெருவில் அடுத்த வீட்டுக்காரர் பங்கைப் பிடுங்குவதும்கூட. இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பம்ப் தருவது அழுத்தம் மட்டும்தான். தண்ணீரையும் சூட்டையும் அது உண்டாக்காது.

சூடு என்ற இடத்தில்தான் பல தலை ஷவரின் கனவு உடைகிறது. ஒரு கணக்கு போடலாம். கூரை ஷவருக்கு 12 லிட்டர், ஹேண்ட் ஷவருக்கு 8, நான்கு பாடி ஜெட்டுக்குத் தலா 5 என்று எல்லாம் சேர்ந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர். ஜனவரிக் காலையில் தொட்டித் தண்ணீர் 20 டிகிரி என்றும் குளிக்க 40 டிகிரி வேண்டும் என்றும் கொள்வோம். நம் வீடுகளில் சாதாரணமான 25 லிட்டர் கீசர் 60 டிகிரிக்குக் காய்ந்திருந்தால், சரிபாதி பச்சைத் தண்ணீர் கலந்து அதிகபட்சம் 50 லிட்டர் குளியல் நீர் தரும். உண்மையில் உள்ளே வரும் குளிர்ந்த நீர் கலந்துகொண்டே இருப்பதால் அதைவிடக் குறைவு. எட்டு லிட்டர் ஷவர் ஒன்றுக்கு அது ஆறு நிமிடம் வரும். எல்லாத் தலைகளையும் திறந்தால் ஒன்றேகால் நிமிடம். சோப்பு எடுக்கும் முன்பே தண்ணீர் குளிர்ந்துவிடும். 2000 வாட் கீசர் அதை மறுபடி காய்ச்ச 35 நிமிடம் ஆகும். இன்ஸ்டன்ட் கீசர் இருக்கிறதே என்றால், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் இந்த 20 டிகிரி உயர்வோடு நிமிடத்துக்கு இரண்டு லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. 40 லிட்டரையும் ஓட ஓடச் சூடாக்க 55 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். பெரும்பாலான வீடுகளின் மின் இணைப்பு அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஹைதராபாத் வெயிலுக்குச் சோலார் ஹீட்டர் நல்ல துணை. 200 லிட்டர் சோலார் தொட்டி 60 டிகிரியில் நிறைந்திருந்தால் 400 லிட்டர் குளியல் நீர் ஆகும். நாற்பது லிட்டர் ஓட்டத்தில் அது ஒருவருக்குப் பத்து நிமிடம். அடுத்து நிற்பவர் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதைக் குளியலறைக்கு வெளியே உள்ள விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 1908 செப்டம்பரில் மூசி ஆறு ஊரையே அழித்த வெள்ளத்துக்குப் பிறகு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்துத் திட்டம் கேட்டார்கள். அதன் வழியில் 1920-ல் உஸ்மான் சாகரும் 1927-ல் ஹிமாயத் சாகரும் வந்தன. கண்டிப்பேட் தண்ணீர் என்று ஊரார் பெருமையாகச் சொல்லும் உஸ்மான் சாகர் நீர், ஏரி உயரத்தில் இருந்ததால் சரிவிலேயே நகரத்துக்கு ஓடிவந்தது. நகரம் பெருத்த பிறகு மஞ்சீரா, அதற்குப் பிறகு கிருஷ்ணா, 2015-ல் கோதாவரி. கிருஷ்ணா நீர் நாகார்ஜுனசாகர் பக்கமிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அந்த அணை நிரம்பி நிற்கும்போதே நீர்மட்டம் 590 அடி, அதாவது 180 மீட்டர். ஹைதராபாத் இருப்பதோ 500 மீட்டருக்கு மேல். குறைந்தது 320 மீட்டர் அந்த நீரை ஏற்றுகிறார்கள். ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க, பம்பில் எந்த இழப்பும் இல்லாவிட்டால்கூட, முக்கால் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். இழப்புகளோடு பார்த்தால் இன்னும் அதிகம். எல்லம்பள்ளியிலிருந்து வரும் கோதாவரி நீரின் பயணம் இன்னும் நீளம். தெருவுக்கு வந்த பிறகு சம்ப், மோட்டார், மொட்டை மாடித் தொட்டி என்று மறுபடி ஏற்றம். சரிவில் இறங்கி வந்த தண்ணீரின் ஊர், மலையேறி வரும் தண்ணீரின் ஊராகிவிட்டது.

மத்திய அரசின் நகர்ப்புறக் குடிநீர் அளவுகோல், நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு என எல்லாம் சேர்த்து 135 லிட்டர் என்று கணக்கிடுகிறது. எல்லாத் தலைகளையும் திறந்து எட்டு நிமிடம் நின்றால் குளியலுக்கு மட்டும் 320 லிட்டர். எட்டு லிட்டர் ஷவர் ஒன்றில் அதே எட்டு நிமிடம் 64 லிட்டர். ஹைதராபாத்தில் 2021 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில் வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணம் இல்லை. நான்கு பேர் குடும்பம் 320 லிட்டர் வீதம் குளித்தால் குளியல் மட்டும் 38,400 லிட்டரைத் தொடும்; 64 லிட்டர் வீதம் குளித்தால் 7,680. இந்த ஒரு வித்தியாசமே ஒரு குடும்பத்தின் மொத்தத் தேவையைவிடப் பெரியது. தினமும் யார் எல்லாவற்றையும் திறந்து நிற்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பண்டிகை நாளில் மட்டும்கூடத் திறக்கலாம். ஆனால் குழாயின் பருமன், பம்பின் திறன், கீசரின் கொள்ளளவு, தரைச் சாக்கடை எல்லாவற்றையும் அந்த ஒரு நாளுக்காகவே அமைக்க வேண்டியிருக்கும். மீதி நாளெல்லாம் அந்தப் பணம் சுவருக்குள் சும்மா கிடக்கும். திறக்காத ஜெட்டுகளில் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து துளைகள் அடைபடும். கிளைக்குழாயில் நீர் தேங்கிப் பழசாகும்.

என் பணம், என் போர்வெல், யார் கேட்பது என்பவருக்கு அமீர்பேட்டே பதில். கோச்சிங் சென்டர்களுக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்தும், இளைஞர்கள் வந்து தங்கும் விடுதிகள் நெருங்கிய பகுதி அது. குடும்பம் ஒன்று இருந்த வீட்டில் இன்று பல கட்டில்கள். எல்லாருக்கும் காலை வகுப்பு, எல்லாரும் ஒரே மணிக்குக் குளிக்கிறார்கள். ஒரே இறங்குகுழாயில் நான்கு குளியலறை ஒன்றாகத் திறந்தால் நான்கிலும் நீர் மெலியும். நான்கு தலை ஷவர் ஒரு குளியலறைக்குள் செய்வதைத்தான் அங்கே கட்டடம் முழுக்கக் காண்கிறோம். பாறை வெடிப்புகளில் ஊறி வரும் போர்வெல் நீர் வேலிக்குள் நிற்பதில்லை. கோடையில் அது வற்றும்போது டேங்கர் லாரிக்காக எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நட்சத்திர ஓட்டல்களில் நன்றாகத்தானே இருக்கிறது என்பவர்கள், அங்கே கீழ்த்தளத்தில் ஓடும் பம்ப் அறையையும் பெரிய வெந்நீர் அமைப்பையும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

தண்ணீரும் பணமும் நிறைந்த நாட்டிலும் இந்தக் கேள்வி ஓயவில்லை. அமெரிக்காவில் 1992-ல் வந்த சட்டம் ஒரு ஷவர் தலைக்கு நிமிடத்துக்கு 2.5 கேலன், அதாவது ஒன்பதரை லிட்டர் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு பல தலைகளை ஒரே கட்டாக்கி, ஒவ்வொன்றும் வரம்புக்குள்தானே என்று விற்றார்கள். 2011-ல் எரிசக்தித் துறை, எத்தனை தலை இருந்தாலும் எல்லாம் சேர்ந்தே ஒரு ஷவர் என்று விளக்கம் தந்தது. 2020 டிசம்பரில் டிரம்ப் ஆட்சி ஒவ்வொரு தலையும் தனித்தனி என்றது. 2021 டிசம்பரில் பைடன் ஆட்சி பழையபடி மாற்றியது. 2025 ஏப்ரலில் மீண்டும் டிரம்ப் அந்த வரையறையை நீக்க ஆணையிட்டார். ஷவர் என்றால் ஒன்றா பலவா என்ற சொற்போரில் இத்தனை ஆண்டு. அரசியலை விட்டுவிட்டுப் பார்த்தால், குளிக்கும் மனிதர் ஒருவர் என்பதால் தலைகளை எண்ணாமல் அவர்மேல் விழும் மொத்தத் தண்ணீரை எண்ணிய 2011-ன் முடிவே எனக்குச் சரியாகப் படுகிறது.

மறுபக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் எளியது, அதனாலேயே வலியது. ஒரு பக்கெட், ஒரு சொம்பு. இருபது லிட்டரில் முடிகிற குளியலுக்கு எதற்கு ஒரு ஷவர், அதிலும் இரண்டு? உடல் வலுவுள்ளவருக்கு இது முழுக்கப் பொருந்தும். முழங்கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கும் பாட்டிக்குப் பொருந்தாது. நிறைந்த பக்கெட்டை நகர்த்தவும் குனிந்து குனிந்து மொள்ளவும் அவரால் ஆகாது. ஈரத் தரையில் அந்த முயற்சியே விழ வைக்கும். அவருக்கு வேண்டியது கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு ஹேண்ட் ஷவர். தலை நனையாமல் உடம்பு மட்டும் குளிக்க நினைப்பவருக்கும், அறுவை சிகிச்சைக் கட்டு நனையாமல் குளிக்க வேண்டியவருக்கும், குழந்தையைக் குளிப்பாட்டும் தாய்க்கும் கூரை ஷவர் உதவாது. இரண்டாவது தலையின் உண்மையான பயன் இங்கேதான்: ஒரே குளியலறையில் வெவ்வேறு உடல்களுக்கு வெவ்வேறு வழி. அதற்கு இரண்டும் ஒன்றாக ஓட வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே பிளம்பரிடம் கேட்க வேண்டியதும் தெளிவு. தொட்டியிலிருந்து குளியலறை வரை ஒரு இஞ்ச், உள்ளே மிக்ஸர் வரை முக்கால் இஞ்ச், கடைசியில் ஒவ்வொரு ஷவருக்கும் போகும் குட்டைத் துண்டு மட்டும் அரை இஞ்ச். சுவருக்குள் பதியும் டைவர்ட்டர், ஒரு நேரத்தில் ஒரு வழியை மட்டும் திறக்கும் வகையாக இருக்கட்டும். கைப்பிடி இடையில் நின்றால் இரண்டுக்கும் விடும் மாடல்களும் உண்டு, வாங்கும்போதே கேட்டுவிடலாம். மேல்மாடியில் பம்ப் இல்லையென்றால் கூரையில் அகன்ற ரெயின் ஷவரை விட்டு, துளை குறைந்த சிறிய ஷவரை மாட்டுவதே குளியலுக்கு நல்லது. ஹேண்ட் ஷவரை மேலும் கீழும் நகரும் கம்பியில் மாட்டினால் நிற்பவருக்கும் உட்கார்பவருக்கும் அதுவே போதும். பக்கெட்டுக்கான ஸ்பவுட்டை எடுத்துவிட வேண்டாம். தண்ணீர் குறைந்த நாளில் அதுதான் துணை. இவ்வளவுக்குப் பிறகும் பாடி ஜெட் வேண்டும் என்பவர்கள், நான்கையும் வளையமாக இணைத்து, நீர் இரு பக்கமிருந்தும் வரும்படி செய்தால்தான் முதல் ஜெட்டும் கடைசி ஜெட்டும் ஒரே வேகத்தில் அடிக்கும். தரையில் நானி ட்ராப் எனும் வடிகால் வாயை நோக்கிய சரிவும் அதிலிருந்து போகும் குழாயும் அந்த நாற்பது லிட்டரை நிமிடத்துக்கு நிமிடம் விழுங்க வேண்டும், இல்லையென்றால் கணுக்கால் அளவு நீரில் நின்றுதான் குளிக்க வேண்டியிருக்கும்.

காடி வெட்டிக் குழாய் பதித்ததும் பூச்சுக்கு அவசரப்பட வேண்டாம். எல்லா வாய்களையும் பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் ஓர் இரவு முழுக்க இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எந்த மூட்டில் கசிகிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். டைல்ஸ் ஒட்டிய பிறகு கீழ்வீட்டுக் கூரையில்தான் தெரியும். மூடுவதற்கு முன் அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக்கொண்டு குழாய் ஓடும் இடங்களைப் புகைப்படம் எடுத்து வைத்தால், பின்னொரு நாள் பாட்டிக்குக் கைப்பிடிக் கம்பி பொருத்தத் துளையிடுபவருக்கு எங்கே துளையிடக் கூடாது என்பது தெரிந்திருக்கும்.